வண்டியில் ஒரு பெட்டி

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தத்தளித்த அந்த இரவில், வேளச்சேரியில் நின்றுபோன எங்கள் வண்டிக்குள், தாகமென்று அழுத குழந்தைக்குக் கொடுக்க ஒரு மிடறு நல்ல தண்ணீர்கூட இல்லாமல் நானும் என் மனைவியும் பரிதவித்ததை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சம் இன்றும் பதறுகிறது.

ஆகையால், ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி பிறக்குமுன், வண்டியின் பின்புறம் வைத்திருக்கும் தகரப் பெட்டியைத் திறந்து, டார்ச் விளக்கின் பாட்டரியை மாற்றி, அவலையும் வெல்லத்தையும் புதிதாக்கி, கட்டுத்துணி, பஞ்சு, இழுவைக் கயிறு, தண்ணீர் எல்லாம் குறைவின்றி இருக்கின்றனவா என்று பரிசோதிப்பதை ஒரு விரதம்போல் அனுஷ்டித்து வருகிறேன். அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரைகள் மட்டும், வெயிலில் நிற்கும் வண்டியின் உஷ்ணத்தில் வீரியம் குன்றிவிடுமாதலால், பிரயாணத்தன்று கைப்பையில் வரும். மூடியின் உட்புறத்தில் 108, 112, நெடுஞ்சாலை உதவிக்கான 1033 ஆகிய எண்களை எழுதி ஒட்டியிருக்கிறேன்.

மழைக்காலம் நெருங்குகிறது, உங்கள் வண்டியிலும் ஒரு பெட்டி வையுங்கள், நண்பர்களே.