எத்தனை அடி தண்ணி?

ஜூனில் அப்பாவும் அம்மாவும் பிராங்பர்ட் வருகிறார்கள். ரைன் நதியில் ஒருநாள் படகுப் பயணத்துக்குத் திட்டம் போட்டுக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தேன். ஐந்து நிமிஷத்தில் பூந்தமல்லியிலிருந்து தங்கை வீட்டுக்காரர் பதில் போட்டார்: "அங்க ஆறு, இங்க சாக்கடை. நம்ம ஜனங்களுக்கு ஆறு வெச்சுக்க யோக்கியதை இல்ல மச்சான்." கீழே வரிசையாகக் கைதட்டல்கள். எனக்கு அன்றிரவு சரியாகத் தூக்கமில்லை.

ஏனென்றால் அந்தத் திட்டத்தை நான் போட்டதே ஒரு வியப்பில்தான். ரைனில் என்னை மயக்குவது கோட்டைகளோ திராட்சைச் சரிவுகளோ லோரலை பாறையோ இல்லை. இரண்டு கரையிலும் ஓடுகிற ரயில். பிங்கனிலிருந்து கோப்லென்ஸ் வரை 65 கிலோமீட்டர், 2002-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பள்ளத்தாக்கு. மலைக்கும் தண்ணீருக்கும் நடுவே கிடைத்த ஒல்லியான நிலத்தில், இந்தக் கரைக்கு ஒரு தண்டவாளம், அந்தக் கரைக்கு ஒரு தண்டவாளம். நடுவில் படகு. இந்த நதியில் ஓடுகிற கோல்ன்-டியூசல்டார்ஃப் கப்பல் நிறுவனத்தின் தொடக்கம் 1826-இல். படித்துறையில் இறங்கினால் ரயில் நிலையம் பொடிநடை தூரம்.

திட்டம் இதுதான். காலையில் வலது கரை ரயிலில் ரூடஸ்ஹைம். அங்கிருந்து படகு, ஆற்றின் ஓட்டத்தோடு போப்பார்ட் வரை. எதிரோட்டத்தில் போனால் அதே தூரத்துக்கு ஒன்றரை மடங்கு நேரம் பிடிக்கும்; அப்பாவின் முழங்கால் அவ்வளவு நேரம் பொறுக்காது. போப்பார்ட்டில் சாப்பாடு. திரும்ப இடது கரை ரயிலில் மைன்ஸ் வழியாக வீடு. பார்த்த காட்சியையே மறுபடி பார்க்க வேண்டாம். விரைவு ரயில் வேண்டாம். சின்ன ஊரிலெல்லாம் நிற்கிற வட்டார ரயிலே போதும், மாதச் சீட்டு அதற்குச் செல்லும்.

பூந்தமல்லிக்காரனான எனக்கு இது ஏன் இவ்வளவு பெரிதாகப் படுகிறது என்று கேட்டால், எங்கள் ஊருக்கு ரயிலே கிடையாது. ரயில் பிடிக்க ஆவடிக்கோ அம்பத்தூருக்கோ போக வேண்டும். மற்றபடி 54-ஆம் நம்பர் பஸ்தான் உலகம். மெட்ரோ சோதனை ஓட்டமே 2025 மார்ச்சில்தான் வந்தது. ஆறு மட்டும் பக்கத்திலேயே இருந்தது. திருவேற்காட்டில் கருமாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் கூவம்.

இனி மச்சானுக்குப் பதில். ஆறும் ரயிலும் படகும் சேர்வது நமக்கு வராத வித்தை இல்லை. பக்கிங்காம் கால்வாயில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் எண்ணூர்ப் பக்கமிருந்து பட்டணத்துக்குள் வந்தன. 1806-இல் தொடங்கிய கால்வாய் அது. 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு வந்த பசித்த ஜனங்கள் வெட்டித்தான் அடையாறும் கூவமும் அதன் வழியே இணைந்தன. பாரதிதாசன் நண்பர்களோடு மாமல்லபுரத்துக்குப் படகில் போனது அந்தத் தண்ணீரில்தான். 'மாவலிபுரச் செலவு' அதைப் பாடிய கவிதை. பிறகு என்ன செய்தோம்? பறக்கும் ரயிலுக்கு இடம் தேடியபோது தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே இறக்கினோம். இங்கே ரயில் ஆற்றின் ஓரமாக ஒதுங்கிப் போகிறது. அங்கே ரயில் கால்வாயின் மார்பில் நிற்கிறது. சேப்பாக்கம் நிலையத்திலிருந்து கீழே பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். அது கால்வாய் ஓரத்துக் குடிசைவாசியின் குற்றமா? வரைபடம் போட்டவன் அவன் இல்லை.

ரைனும் ஒரு காலத்தில் சாக்கடைதான். ஐரோப்பாவின் சாக்கடை என்றே பெயர் வாங்கிய ஆறு. 1986 நவம்பர் 1-ஆம் தேதி பாசல் அருகே ரசாயனக் கிடங்கு பற்றி எரிந்து, தீயணைத்த தண்ணீரோடு நஞ்சு இறங்கி, ஆறு சிவந்து ஓடியது. விலாங்கு மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. மறு வருஷமே கரையோர நாடுகள் உட்கார்ந்து, 2000-க்குள் சால்மன் மீன் திரும்பி வர வேண்டும் என்று இலக்கு வைத்தன. மீன் வந்தது. ஜெர்மானியனுக்குப் பிறவியிலேயே சுத்தம் ஊறியிருந்தால் இந்த இலக்குக்கே வேலை இருந்திருக்காது. நம் கூவத்துக்கும் 1967-இல் அண்ணா ஆட்சியில் சீரமைப்பு தொடங்கியது. 1970களின் தொடக்கத்தில் படகு ஓடியது. படகுத்துறைகளுக்கு வள்ளல்களின் பெயர் வைத்தார்கள். ஆரம்பித்தோம், விட்டுவிட்டோம். யோக்கியதை இல்லாதவர்கள் ஆரம்பித்திருக்கவே மாட்டார்கள்.

இதையெல்லாம் குழுவில் எழுதவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டேன். ஆவடி டாங்கி ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோட்டையைப் பற்றியெல்லாம் அவர் கேட்கவில்லை.

"அந்த ஆத்துல இப்ப எத்தனை அடி தண்ணி?"

செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கத்துக்காரர் கேள்வி. மழைக்காலம் வந்தால் எங்கள் வீட்டில் பேப்பரில் முதலில் தேடுவது ஏரியின் அடிக்கணக்கைத்தான். மொத்தம் 24 அடி. 2015 டிசம்பரில் விநாடிக்கு 29,000 கனஅடி திறந்துவிட்ட இரவுக்குப் பிறகு அப்பா அந்த எண்ணைப் பார்க்காமல் தூங்கப் போனதில்லை. காவுப் ஊரில் ரைனுக்கும் அதேபோல் ஓர் அளவுகோல் உண்டு. அதைப் பார்த்துத்தான் சரக்குப் படகுக்காரர்கள் எவ்வளவு ஏற்றலாம் என்று முடிவு செய்கிறார்கள். 2018 அக்டோபரில் அது 25 சென்டிமீட்டருக்கு இறங்கியது. தேடிப் பார்த்துச் சொன்னேன்: "ஒன்றரை மீட்டர் சொச்சம்ப்பா. அளவுகோல் கணக்குதான், படகு போற வழியில ஆழம் இன்னும் அதிகம்."

"அஞ்சடி. பரவால்ல, ஓடும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டு கரையிலயும் ரயில்ங்கற. நடுவுல பாலம்?"

"மைன்ஸ் தாண்டினா கோப்லென்ஸ் வரைக்கும் பாலமே இல்லப்பா. ஃபெர்ரிதான், காரையே ஏத்திக்கும்."

"அப்ப கரையை மாத்தி இறங்கிடாத. அம்மாவுக்கு ஜன்னல் எந்தப் பக்கம் பிடிக்கணும்?"

வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். போகும்போது வலது கரையில் ஓட்டத்தின் திசை, வரும்போது இடது கரையில் எதிர்த்திசை. இரண்டு முறையும் ஆறு இடது கைப் பக்கம்தான் வருகிறது.

"இடது ஜன்னல்ப்பா. போகவும் வரவும்."