கல்லாறு முதல் காட்டேரி வரை: மலை ரயிலின் கைவிடப்பட்ட நிலையங்கள்

போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 1873-இல் அகலப்பாதை வந்துசேர்ந்த பின்னரும், குன்னூருக்கு ரயில் ஏற மேலும் 26 ஆண்டுகள் பிடித்தன. 1891-இல் பணி தொடங்கி 1899-இல் குன்னூரையும் 1908-இல் உதகமண்டலத்தையும் எட்டிய அந்த மீட்டர்கேஜ் பாதையில், பயணிகளுக்கு மூடப்பட்டுவிட்ட கல்லாறு, அடர்லி, காட்டேரி ஆகிய மூன்று நிலையங்களும் மலை ரயிலின் இயக்கத்தை விளக்கும் சான்றுகளாகும்.

மேட்டுப்பாளையத்துக்கும் மலைக்கும் இடையே, பாக்குத் தோப்புகள் சூழ்ந்த அடிவாரத்தில் உள்ள கல்லாற்றில் சமவெளி முடிகிறது. அங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவுக்குள் 1,300 மீட்டருக்கும் மேல் உயர வேண்டியிருப்பதாலும், சில இடங்களில் 12 அடிக்கு ஓர் அடி என்ற அளவுக்கு ஏற்றம் செங்குத்தாக இருப்பதாலும், இரும்புச் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலான பிடிப்பு மட்டும் போதாது. ஆகவே இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் கொண்ட இரட்டைச் சட்டம் பதிக்கப்பட்டது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த இம்முறையில், எஞ்சினின் பற்சக்கரம் எந்நேரமும் ஏதேனும் ஒரு பல்லைக் கவ்வியிருக்கும்படி இரு வரிசைகளின் பற்களும் ஒன்றுக்கொன்று விலகி அமைந்துள்ளன. இப்பற்சட்டம் தொடங்கும் இடம் கல்லாறே என்பதால், பயணிகள் நிலையமாக மூடப்பட்ட பின்னரும் பாதையின் மிக முக்கியமான திருப்பம் அதுவாகவே நீடிக்கிறது.

வண்டியைக் கீழிருந்து தள்ளியேறும் நீராவி எஞ்சின் இந்த ஏற்றத்தில் தண்ணீரை வெகுவேகமாகத் தீர்த்துவிடுகிறது. அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு ஆகிய நிலையங்கள் எஞ்சினின் இத்தேவைக்கும் பயன்பட்டவை. எனவே 1990-இல் அடர்லி பயணிகளுக்கு மூடப்பட்டபோதும் வண்டி அங்கே நிற்பது நிற்கவில்லை. திருச்சி பொன்மலைப் பணிமனையில் உருவான புதிய எஞ்சின்களில் சில நிலக்கரிக்குப் பதிலாக எண்ணெயை எரித்தாலும், அவற்றுக்கும் தண்ணீர் வேண்டியிருக்கிறது.

காட்டேரியின் நிலை வேறு. குன்னூருக்குச் சுமார் மூன்று கிலோமீட்டர் கீழே அமைந்த அது 1982-இல் மூடப்பட்டபின், வண்டி அங்கே நிற்பதேயில்லை. யுனெஸ்கோ 2005-இல் இப்பாதைக்கு உலகப் பாரம்பரியத் தகுதி அளித்ததிலிருந்து எஞ்சின்களும் பாலங்களும் பெறும் கவனத்தில் ஒரு பங்கேனும் காட்டேரிக்கும் உரியது; ஏனெனில் அடர்லியைப் போல எஞ்சினின் தாகம் காப்பாற்றாத நிலையம் அது.