பேணுதல் என்று எண்ணியிருந்தோம்



என் மூத்த மகனுக்கு அப்போது பதினேழு வயது. சுப்ஹுத் தொழுகைக்கு என்னுடன் பள்ளிவாசலுக்கு வருவான். நான் ஒளுச் செய்து ஸஃப்பில் நின்ற பிறகும் அவன் ஹவ்ளின் அருகிலேயே அமர்ந்திருப்பான். சில நாள்களில் ஜமாஅத் முடிந்து நான் வெளியே வரும்போதும், முழங்கை வரை கழுவிய கையை மீண்டும் விரல் நுனியிலிருந்து கழுவிக்கொண்டிருப்பான். "பிள்ளைக்கு எவ்வளவு பேணுதல் பாருங்க" என்று பெரியவர் ஒருவர் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்து இன்று வெட்கப்படுகிறேன்.

வீட்டில் தக்பீர் கட்டிய கையை அவிழ்த்து மீண்டும் கட்டுவான். நிய்யத் சரியாக அமைந்ததா என்ற ஐயம் அவனை விடாது. "வாப்பா, என் ஒளு கூடிச்சா?" என்று கேட்பான். "கூடிடிச்சு மகனே" என்பேன். முகம் சற்றே தெளியும். ஐந்து நிமிடத்தில் மீண்டும் வந்து நிற்பான். விரலிடுக்குகள் வெடித்து இரத்தம் கசியத் தொடங்கியது. பின்னர் ஒருநாள் தொழுவதையே நிறுத்திவிட்டான். நான் கடிந்துகொண்டபோது, "தொழ ஆசைதான் வாப்பா. ஒளுவ நெனச்சாலே பயமா இருக்கு" என்று தேம்பி அழுதான்.

அதன் பிறகுதான் உதவி தேடி அலைந்தோம். முதலில் ஓதிப் பார்ப்பவர் ஒருவரிடம் சென்றோம். ஜின்னின் தொல்லை என்றார். நாற்பது நாளுக்கு ஒரு தொகை கேட்டார். அடுத்து ஓர் ஆலோசகரிடம் சென்றோம். உங்கள் மார்க்கக் கட்டுப்பாடுதான் காரணம், தொழுகையைச் சில மாதம் மறக்கச் சொல்லுங்கள் என்றார். முன்னவர் நோயைக் காணவில்லை. பின்னவர் என் மகனைக் காணவில்லை. இரண்டு இடங்களிலிருந்தும் அவன் முன்னைவிடக் குன்றிப்போய்த் திரும்பினான்.

வழி காட்டியவர் எங்கள் மஹல்லாவின் இமாம். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில் ஒளுச் செய்துள்ளார்கள். அது ஏறத்தாழ முக்கால் லிட்டருக்கும் குறைவு என்று அவனிடம் கனிவாக விளக்கினார். ஒளு இருப்பது உறுதி, முறிந்தது சந்தேகம் என்றால் உறுதியையே கொள்ள வேண்டும் என்ற சட்டத்தையும் நினைவூட்டினார். அவனோ அச்சட்டத்தை அவருக்கு முன்பே சொல்லி முடித்தான். ஹஜ்ரத் என்னைத் தனியே அழைத்தார். "சட்டம் தெரியாதவருக்கு நான் சட்டம் சொல்லலாம். இவருக்குச் சட்டம் தெரிகிறது. தெரிந்தும் விட முடியவில்லை. இது ஈமானின் குறைவு அல்ல, நோய். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். துஆவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இருந்த மருத்துவர், அதை ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோய் என்றார். மருந்து பலன் தர பத்துப் பன்னிரண்டு வாரங்கள்கூட ஆகலாம், இடையில் நிறுத்திவிடாதீர்கள் என்று எச்சரித்தார். சந்தேகம் எழுந்தாலும் திரும்பக் கழுவாமல் அந்தத் தவிப்பைத் தாங்கிப் பழகுவதே பயிற்சி என்றார். பிறகு, "வீட்டில் யாரிடம் கேட்பான்?" என்று வினவினார். "என்னிடம்தான்" என்றேன். நான் சொல்லும் ஒவ்வொரு "கூடிடிச்சு"ம் ஒரு கணம் ஆறுதல் தந்து, அடுத்த கேள்விக்குத் தீனி போடுகிறது என்றார். என் அன்பே நோய்க்கு உணவாகியிருந்தது!

மருத்துவர் ஹஜ்ரத்திடம் தொலைபேசியில் பேசினார். உறுப்புகளை ஒரு முறை கழுவுவதே கடமை, மூன்று முறை சுன்னத் என்று அறிந்து, ஒரு செம்புத் தண்ணீர், ஒரே முறை என்று பயிற்சியை வகுத்தார். முதல் இரவு அவன் என் கதவருகே வந்து நின்றான். "இதற்கு நான் பதில் சொல்லமாட்டேன் மகனே, உன்னால் தாங்க முடியும்" என்றேன். உள்ளே அவன் உம்மா அழுதுகொண்டிருந்தார். என் வாழ்வில் சொன்ன மிகக் கடினமான சொற்கள் அவை.

இது நமக்குப் புதிய அறிவும் அல்ல. 934இல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, உடல்நலம், உளநலம் இரண்டையும் பற்றிய தம் நூலில், சினம், அச்சம், துயரம் ஆகியவற்றோடு வஸ்வாஸையும் தனியே எடுத்து ஆராய்ந்துள்ளார்.

நோய் சில வேளை நற்குணத்தின் ஆடையை அணிந்து வருகிறது. நஃபில் நோன்பு என்ற பெயரில் மெலிந்துகொண்டே போகும் பெண்பிள்ளையை நாம் பாராட்டிவிடுகிறோம். உண்ண மறுக்கும் நோய் இதயத்தையே பாதிக்கும். அங்கே காத்திருக்கக் கூடாது. சில வேளை நோய் துர்க்குணமாகவும் தோன்றுகிறது. ஏடிஹெச்டி உள்ள சிறுவன் மத்ரஸாவில் அமர முடியாமல் தவிக்கும்போது, அடங்காதவன் என்று அடி வாங்குகிறான்.

யாரை நம்புவது என்று கேட்பவர்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். உறுதியான குணத்தை விலை பேசுபவரிடம் போகாதீர்கள். மனநல மருத்துவரா, இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரா என்று தயங்காமல் கேளுங்கள். உங்கள் நம்பிக்கையை மதித்து, உங்கள் ஆலிமுடன் பேசத் தயாராக இருக்கிறாரா என்று பாருங்கள். எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்கள், 2022 முதல் இயங்கும் அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

மகன் முழுமையாகக் குணமடைந்துவிட்டான் என்று சொல்லமாட்டேன். தேர்வுக் காலங்களில் பழைய தவிப்பு எட்டிப் பார்க்கிறது. ஆயினும் அல்ஹம்துலில்லாஹ், இப்போது ஸஃப்பில் என் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறான். தொழுகை முடிந்தும் அவன் எதையும் கேட்பதில்லை. நானும் எதையும் சொல்வதில்லை.

நம் பிள்ளைகள் அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபாவையும், அவர்களைப் புரிந்துகொள்ளும் உள்ளத்தை நமக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.