அளவெடுத்துச் செய்த வண்டி

சட்டையை அளவெடுத்துத் தைத்துக்கொள்கிறோம். செருப்பைக் காலில் போட்டு நாலடி நடந்து பார்த்தே வாங்குகிறோம். ஆனால் ஆண்டுக்கணக்கில் நம்மைச் சுமக்கும் மிதிவண்டியை மட்டும் அளவு பாராமல் வாங்கி, அதற்கேற்ப நம் உடலை வளைத்துக்கொள்கிறோம். இது ஏன் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

என் சித்தப்பா சைக்கிள் கடை வைத்திருக்கிறார். வகுப்பு முடிந்ததும் மாலை வேளைகளில் அங்கேதான் இருப்பேன். பஞ்சர் ஒட்டுவது, ரிம்மில் கோட்டம் எடுப்பது, ஓவராலிங் செய்வது ஆகியவை அன்றாட வேலைகள். நம் ஊர்ச் சாதாரண சைக்கிளின் ஃபிரேம் பெரும்பாலும் 22 அங்குலம், அல்லது 24 அங்குலம். நெட்டையரும் குட்டையரும் இவ்விரண்டுக்குள் அடங்கியாக வேண்டும்!

இந்த நிலையை ஏற்காத சில இளைஞர்களின் வரலாற்றைப் படித்தபோது எனக்குப் பெருவியப்பு உண்டாயிற்று. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரீன் என்னும் மலைப்பாங்கான பகுதி உள்ளது. அங்கே 1970களில் சிலர், பல பத்தாண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட தடித்த டயர் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து மலைச்சரிவில் ஓட்டினர். 1976 அக்டோபர் 21 அன்று ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே ஒரு பந்தயம் தொடங்கிற்று. ஏறத்தாழ இரண்டு மைல் தூரத்தில் 1,300 அடி இறக்கம்! கீழே வந்து சேர்வதற்குள் பின்சக்கர பிரேக்கில் இருந்த கிரீஸ் சூட்டில் புகைந்துவிடும். மறுபடியும் கிரீஸ் அடைக்க வேண்டும். 'மறுபடி அடைத்தல்' என்று பொருள்படும் 'ரீபேக்' என்பதே அப்பந்தயத்தின் பெயராயிற்று.

பழைய ஃபிரேம்கள் அந்த அடியைத் தாங்காமல் முறிந்தன. ஆகவே ஜோ பிரீஸ் என்பவர் 1977இல் குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகுக் குழாய்களைக் கொண்டு மலைப்பாதைக்கென்றே ஒரு ஃபிரேமைத் தம் கையால் செய்தார். அந்த முதல் வண்டி இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1979இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும், டாம் ரிட்சி செய்த ஃபிரேம்களில் பாகங்களைப் பூட்டி விற்கச் சிறியதொரு தொழில் தொடங்கினர். 1981இல் இவ்வகை வண்டி ஆலை உற்பத்திக்கு வந்தது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச்சைக்கிள் போட்டியே இடம்பெற்றது. சிறு பட்டறையில் எழுந்த பொறி எவ்வளவு தூரம் பரவியது, பாருங்கள்!

ஃபிரேம் வேலையின் உள்ளே எவ்வளவு இயற்பியல் இருக்கிறது! எஃகு உருக ஏறத்தாழ 1,500 டிகிரி வெப்பம் வேண்டும். பித்தளைக்கு 900 டிகிரி அளவே போதும். எனவே குழாய் உருகாமலே, உருகிய பித்தளை இடுக்கில் ஏறி இரண்டையும் பிணைக்கிறது. இதனை நாம் நுண்புழையேற்றம் என்று தேர்வில் எழுதுகிறோம். சித்தப்பாவுக்கு அந்தச் சொல் தெரியாது. "சூட்டை மட்டும் சரியா காட்டுடா, பித்தளை தானா உள்ளே ஓடும்" என்பார். நல்ல ஃபிரேம் குழாய்கள் இணைப்பருகே தடித்தும் நடுவில் மெலிந்தும் இருப்பதற்கும் காரணம் உண்டு. இணைப்பிலேதான் பளு மிகுதி.

சென்ற ஆண்டு பால்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். இளம்பிள்ளை வாதத்தால் அவருக்கு ஒரு கால் குட்டை. போகும் பாதையோ கல்லும் கரடும். வண்டியை நிறுத்தக் கால் எட்டாமல் இருமுறை விழுந்து, பால் முழுதும் கொட்டிப்போயிற்று. அன்றாடக் கூலிக்கே வழியில்லாத நிலை. "தொழிலை விட்டுடலாம்னு இருக்கேண்ணே" என்றார்.

சித்தப்பா அவரை நிற்கவைத்து, நூல் பிடித்து அளவெடுத்தார். பழைய ஃபிரேமின் மேல் பாரை அறுத்தெடுத்தார். சீட் குழாயைக் குறைத்து, பின்கம்பிகளையும் அதற்கேற்ப வெட்டினார். பாரைச் சாய்வாக இறக்கிப் பற்றவைத்து, வலுவுக்காக அடியில் இன்னொரு குழாயும் கொடுத்தார். ஒரு பெடலின்மேல் கட்டை வைத்து உயரம் கூட்டினார். நான்கு நாள் வேலை. நியாயமான கூலியைப் பெற்றுக்கொண்டார். பால்காரரும் இரக்கத்தை வாங்காமல் தமக்குரிய வண்டியை வாங்கியவராக நிமிர்ந்து ஏறிச் சென்றார். அதன்பின் அவர் பால் கொட்டியதாக நான் கேள்விப்படவில்லை.

சித்தப்பாவுக்கு வயதாகிறது. இந்த வேலையைக் கற்க ஆளில்லை. "படிக்கிற பிள்ளைக்கு எதற்கு இந்தக் கரி?" என்று உறவினர் தடுக்கின்றனர். ஆயினும் இவ்விடுமுறையில் பற்றவைப்பை முறையாகக் கற்பதென உறுதி செய்துள்ளேன். பட்டம் பெற்றபின் வேறு பணிக்கு நான் போகலாம்; ஆனால் அறிந்தவர் ஒருவரோடு ஒரு கலை அழிவதைப் பார்த்துக்கொண்டிருப்பது கல்விக்கு அழகாகுமா?

நண்பர்களே! உங்கள் வீட்டருகிலும் ஒரு தச்சரோ, கொல்லரோ, தையற்காரரோ இருப்பார். நாம் ஏட்டில் படிப்பதை அவர் கையில் வைத்திருக்கிறார். ஒரு மாலைப்பொழுது அவரருகில் அமர்ந்து பாருங்கள். மனிதனை அளந்து பொருளைச் செய்பவரிடம் நாம் கற்க வேண்டியது நிறைய உண்டு.