முள்ளும் பிளேடும்

மிக்ஸ், ரீமிக்ஸ் இரண்டும் ஒரே காரியத்துக்கு இரண்டு பெயர் என்று நினைப்பவர்கள் நண்பர்களிலேயே இருக்கிறார்கள். குழப்பத்துக்கு இசைத்தட்டுக் கம்பெனிகளே காரணம். ஒரு பாட்டைப் பிரித்துப்போட்டு மறுபடி கட்டியதை, தட்டின் லேபிளில் 'கிளப் மிக்ஸ்', 'டப் மிக்ஸ்' என்று அச்சிட்டார்கள். டி.ஜே. ஒருவர் இரவு முழுக்கத் தட்டுகளை இடைவெளியின்றி ஓட்டினால் அதற்கும் பெயர் மிக்ஸ். நம் சினிமாக்காரர்கள் பழைய பாட்டை வேறு குரலில் பாடவைத்து, அடியில் ஒரு டிரம்மை ஓடவிட்டு, ரீமிக்ஸ் என்கிறார்கள். அது மறுபதிவு. இங்கே அதற்கு இடமில்லை.

வித்தியாசம் கைப்பொருளில் இருப்பதாக எனக்குப் படுகிறது. மிக்ஸ் செய்கிறவர் கையில் இருப்பது முடிந்த தட்டு. ரீமிக்ஸ் செய்கிறவர், தட்டு ஆவதற்கு முந்திய நிலைக்குப் போகிறார். டிரம், பாஸ், வயலின்கள், குரல் எல்லாம் தனித்தனித் தடங்களாகக் கிடக்கும் காந்த நாடாவுக்கு. (முடிந்த பாட்டிலிருந்தே குரலை உரித்துத் தரும் மென்பொருள் இப்போது டி.ஜே.யின் மேஜைக்கே வந்துவிட்டது. கோடு அழிந்துகொண்டிருக்கிறது என்பதாலேயே அது எங்கே இருந்தது என்று சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.)

முதலாவதன் கட்டுப்பாடு கடுமையானது. ஒரு தட்டு அரங்கில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததைத் தன் காதில் மட்டும் கேட்டு, வேகத்தைச் சரிசெய்து, தாளம் தாளத்தின்மேல் விழும்படி நுழைக்க வேண்டும். தட்டின் வேகத்தைக் கூட்டினால் ஸ்ருதியும் ஏறும். ஏறத்தாழ 6 சதவீதத்துக்கு அரை ஸ்வரம். 1979-ல் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 எம்.கே.2 கூட்டவும் குறைக்கவும் 8 சதவீதம்தான் இடம் தந்தது. அந்த இடுக்கில் நடக்கிற சிருஷ்டி இது. அந்த யந்திரம் வருவதற்குப் பல வருஷங்கள் முன்பே, நியூயார்க்கில் பழைய தேவாலயம் ஒன்றில் இயங்கிய ஸாங்க்ச்சுவரி கிளப்பில், பிரான்ஸிஸ் கிராஸோ, சிகாகோ குழுவின் 'ஐம் எ மேன்' தாளப்பகுதியின்மேல் லெட் ஸெப்பலினின் 'ஹோல் லாட்டா லவ்' முனகலை ஓடவிட்டது பிரசித்தம். கொஞ்ச நேரம் அங்கே மூன்றாவது பாட்டு ஒன்று இருந்தது. அது எந்தத் தட்டிலும் இல்லை. இரண்டு பாட்டும் அதற்குப் பிறகு முன்னிருந்தபடியே இருந்தன.

வால்டர் கிப்பன்ஸ் இரண்டு பக்கமும் நின்றவர். காலக்ஸி 21 கிளப்பில் ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, சில வினாடிகளே வரும் டிரம் பகுதியை முள்ளை மாற்றி மாற்றி வைத்து நீட்டினார். 1976-ல் ஸால்ஸோல் கம்பெனி, டபிள் எக்ஸ்போஷரின் 'டென் பர்ஸண்ட்' பாட்டின் நாடாவையே அவரிடம் கொடுத்தது. ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டாக அது திரும்பி வந்தது. கடையில் விலைக்குக் கிடைத்த முதல் 12 அங்குல ஸிங்கிள் என்று அதைத்தான் சொல்கிறார்கள். இரவில் முள்ளால் செய்ததைப் பகலில் பிளேடால் செய்தார், அவ்வளவுதானே என்று கேட்கலாம். எனக்குச் சம்மதமில்லை. கிளப்பில் நீட்டிய பாட்டு விடியும்போது பழையபடி தன் உறைக்குள் போனது. ஸ்டூடியோவில் நீட்டிய பிறகு பாட்டே இதுதான் என்றாகிவிட்டது.

இதன் விலையை யார் கொடுத்தார்கள்? 1975-ல் வந்த குளோரியா கேனரின் 'நெவர் கேன் ஸே குட்பை' தொகுப்பில், முதல் பக்கத்து மூன்று பாட்டுகளையும் டாம் மோல்ட்டன் நீட்டி, ஒன்றோடொன்று பிணைத்து, ஒரு பக்கம் முழுக்க நிற்காமல் ஓடச் செய்தார். வெளியே மிக்ஸ், உள்ளே ரீமிக்ஸ். ஆடுகிறவர்களுக்கு அது பெரிய விடுதலை. கேனர் அதைக் கேட்டுவிட்டு, தான் அதிகம் பாடவே இல்லையே என்றாராம்; மோல்ட்டனே பிற்பாடு சொன்னது. இந்த இசையைப் பற்றிய விமர்சனங்கள் பலவற்றைவிட இந்த ஒரு வாக்கியம் எனக்கு முக்கியம். பாட்டின் நடுவில் நின்ற மனுஷி, பாட்டின் மூலப்பொருள்களில் ஒன்றாகிவிட்டார்.

என் கவிதை ஒன்றில் நான்கு வரிகளை வெட்டி அச்சிட்டார் ஒரு பத்திரிகாசிரியர். வெட்டியபின் கவிதை மேலும் நன்றாகவே இருந்தது. என்னுடையது என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. அதே இதழில் எதிர்ப்பக்கத்தில் இன்னொருவர் கவிதையைப் போட்டிருந்தார். அந்த அண்டை என் கவிதைக்கு ஒரு புதுக் குரூரத்தைத் தந்தது. அதற்காக அவர்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, நன்றிதான்.

ஆனாலும் ரீமிக்ஸை ஒட்டுண்ணி என்று ஒதுக்குபவர்களோடு நான் சேரமாட்டேன். எவ்ரிதிங் பட் த கேர்ள் இரட்டையரின் 'மிஸ்ஸிங்' 1994-ல் வந்து அதிகம் கவனிக்கப்படாமல் போயிற்று. 1995-ல் டாட் டெர்ரி அதற்கு ஒரு ஹவுஸ் தாளம் போட்டார். டிரேஸி தார்னின் குரலை அவர் துண்டுபோடவில்லை. தரையை மட்டும் மாற்றினார். குரலின் தனிமை கூட்டத்தின் நடுவில் போய் நின்றது. பாட்டு உலகமெங்கும் ஓடியது. 1996-ல் வந்த 'வாக்கிங் வூண்டட்' தொகுப்பில் இருவரும் அந்த மாதிரித் தாளங்களின்மேலேயே பாட்டுக் கட்டினார்கள். முதல் 'மிஸ்ஸிங்'கை இப்போதும் நான் தேடிப் போட்டுக் கேட்பதுண்டு. டெர்ரியின் டிரம் அங்கே இல்லாதது காதில் விழுந்துகொண்டே இருக்கிறது.