ஃபிரேசர் முகத்துவாரத்து மீன் ஆலை

கல்லில் எழுந்த கோபுரங்களையும் கோட்டைகளையுமே சரித்திரச் சின்னங்களென்று போற்றிப் பழகிய கண்களுக்கு, கனடா தேசத்தின் மேற்குக் கரையில், ஃபிரேசர் நதி கடலோடு கலக்கும் ஸ்டீவ்ஸ்டன் துறையில், நீருக்குள் ஊன்றிய மரத்தூண்களின்மேல் நீண்டு கிடக்கும் ஜார்ஜியா வளைகுடா மீன் ஆலை ஒரு பழங்கொட்டகையாகவே முதலில் தோன்றும். 1894-ல் எழுந்த அவ்வாலை சில ஆண்டுகள் அந்த மேற்குக்கரை மாகாணத்திலேயே மிகப் பெரியதாக விளங்கிற்று. 1897-ல் மட்டும் 25 லட்சத்துக்கு மேற்பட்ட தகர டப்பாக்களில் சால்மன் மீனை அடைத்து அனுப்பிற்று.

ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காகப் பிறந்த ஆற்றையே நாடித் திரும்பும் சால்மன், சில வாரங்களுக்குள் திரள்திரளாக வந்து சேருமாதலால், பிடித்த மீன் கெடுமுன் தலையும் துடுப்பும் குடலும் நீக்கி, துண்டுபோட்டு, டப்பாவில் அடைத்து, நீராவியில் வேகவைத்து முடிக்கவேண்டிய நிர்ப்பந்தம் அங்கே இரவையும் பகலையும் ஒன்றாக்கிற்று. அந்தப் பிரயாசையைச் சுமந்தவர் யார்? கழுவி நிரப்பியவர்களில் பலர் பூர்வகுடி ஸ்திரீகள். கத்தி பிடித்த சீனருக்கோ கூலி முதலாளியிடமிருந்து நேரே வாராது. நம்மவர் தோட்டங்களில் கண்ட கங்காணியைப்போன்ற ஓர் ஒப்பந்தக்காரன் கைவழியே வரும். அவர்கள் அந்நாட்டில் கால்வைப்பதற்குரிய தலைவரி 1903-ல் 500 டாலராக உயர்ந்தது. பின்னர் மீனறுக்கும் யந்திரம் வந்து அவர்களுடைய ஜீவனத்தைப் பறித்தபோது, சீனரை இகழும் வசைச்சொல்லையே அதற்குப் பெயராகச் சூட்டி விற்றார்கள். அவ்யந்திரத்தைக் காட்சிக்கு வைப்பவர் அப்பெயரையும் மறைக்கலாகாதென்பதே என் துணிபு. வலைவீசிய ஜப்பானியரின் கதை இன்னும் கொடியது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பான் பகைநாடானதும், அரசாங்கம் 1941-ன் இறுதியில் அவர்களுடைய ஏறக்குறைய 1,200 படகுகளைப் பறிமுதல் செய்து, 1942-ல் அவர்களைக் கடற்கரையினின்று அகற்றிற்று.

யுத்த காலத்தில் ஹெர்ரிங் மீனை அடைத்தும், பிறகு அதனின்று எண்ணெயும் மீன்தூளும் எடுத்தும் வந்த ஆலை 1979-ல் ஓய்ந்தது. அதற்கு மூன்றாண்டு முன்னரே அது தேசிய சரித்திர ஸ்தலமாக அறிவிக்கப்பட்டிருந்தபடியால் இடிபடாமல் தப்பியது. ஆனால் மரக்கட்டடத்தைக் காப்பது கற்றளியைக் காப்பதினும் கடினம். வற்றியும் பெருகியும் ஓயாத நீரில் தூண்கள் இற்றுப்போகும், மழையில் கூரைப் பலகைகள் நைந்துபோகும். பழுதுற்றதை மாற்றாவிட்டால் கட்டடம் நில்லாது. அளவின்றி மாற்றினாலோ, உழைத்தவர் கால்பட்ட தரையே எஞ்சாது. இவ்விரண்டுக்கும் நடுவே வழிகண்டு, 1986-ல் ஊரார் அமைத்த சங்கத்தின் துணையோடு, ஆலை கட்டி நூறாண்டு நிறைந்த 1994-ல் அதை அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.