ஊருக்குள் தெரியாத ஆட்டம்

தூத்துக்குடி மாவட்டம் சாயர்புரத்திலிருந்து ஏரலுக்கோ பக்கத்துப் புதுக்கோட்டைக்கோ போகிற சாலையில் கார் அறுபதைத் தாண்ட இடம் கிடைப்பது அரிது. அந்த வேகத்தில் ஒழுங்காக ஓடுகிற கார், புதுக்கோட்டையில் திருநெல்வேலி–தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் ஏறி எண்பதைத் தொட்டதும் உதறத் தொடங்குகிறது. தொண்ணூறில் ஸ்டீயரிங் கையில் நிற்பதில்லை. திருப்பிக் கொண்டுவந்து ஊருக்குள் பட்டறையில் நிறுத்தினால் மறுபடி நல்ல கார் ஆகிவிடுகிறது. ஸ்டார்ட் ஆகாத எஞ்சினும் ஒழுகுகிற ஆயிலும் வண்டியோடு சேர்ந்தே பட்டறைக்கு வருகின்றன. இந்தப் பழுது மட்டும் நெடுஞ்சாலையிலேயே தங்கிவிடுகிறது. ஜி.யு. போப் 1840-களில் குருமடம் நடத்திய ஊர் என்று வெளியூர்க்காரர்கள் அறிந்திருக்கும் சாயர்புரத்திலும், அங்கிருந்து தூத்துக்குடி வரையுள்ள பட்டறைகளிலும் டயர் கடைகளிலும் இந்தப் பழுதை எப்படித் தேடுகிறார்கள் என்று பார்த்தும் கேட்டும் வந்ததில் எனக்கு ஒன்று உறுதிப்பட்டது. அதிர்வின் காரணத்தைத் தேடுவதுதான் இங்கே உண்மையான வேலை. அந்த வேலைக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. கொடுக்காததால் அதிகம் இழப்பவர் கார் வைத்திருப்பவர்தான்.

அதிர்வு ஏன் அந்த வேகத்துக்குக் காத்திருக்கிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். சிறு கார்களில் பரவலாக இருக்கும் 185/65 ஆர்15 டயரின் சுற்றளவு சுமார் 1.95 மீட்டர். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு 7 சுற்று சுற்றுகிறது. 100-இல் 14 சுற்று. ரிம்மின் ஓரத்தில் ஒரு பக்கம் 30 கிராம் கூடியிருந்தால், 50-இல் அது சக்கரத்தை வெளியே இழுக்கிற விசை ஒரு கிலோ எடைக்குச் சற்று மேல். வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்கு. 100-இல் அது நாலரைக் கிலோவை எட்டிவிடும். அந்த நாலரைக் கிலோ நொடிக்குப் பதினான்கு முறை சக்கரத்தை உதைக்கிறது. ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் சக்கரம், ஹப், பிரேக் எல்லாம் சேர்ந்த தொகுதிக்கு இயல்பாகவே ஒரு துள்ளல் தாளம் உண்டு. பெரும்பாலான கார்களில் அது நொடிக்குப் பத்திலிருந்து பதினைந்துக்குள் இருக்கும். சக்கரத்தின் சுற்று அந்தத் தாளத்தோடு ஒத்துப்போவது 80-க்கும் 100-க்கும் இடையில்தான். அதனால்தான் 90-இல் உதறுகிற சில கார்கள் 115-இல் அடங்கிவிடுகின்றன. ‘இன்னும் மிதிச்சா சரியாயிருது’ என்று சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே விசை கூடியிருக்கிறது. தாளம் விலகிவிட்டதால் கைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பேரிங்கும் பால் ஜாயின்ட்டும் அதைத் தாங்கிக்கொண்டுதான் ஓடுகின்றன.

விஷயம் தெரிந்த மெக்கானிக் ஜாக்கியை எடுப்பதற்கு முன் கேள்வி கேட்கிறார். “எந்த ஸ்பீடுல ஆடுது அண்ணாச்சி? கையில தெரியுதா, சீட்டுல தெரியுதா? பிரேக் புடிக்கும்போதா, சும்மா போகும்போதேவா?” கேட்பவருக்கு இது பேச்சாகத் தோன்றும். ஒவ்வொரு கேள்வியும் காரின் பாதியைக் கழித்துவிடுகிறது. ஸ்டீயரிங் ஆடினால் பெரும்பாலும் முன்சக்கரம். சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின்சக்கரம் அல்லது, பொலிரோ, பழைய இன்னோவா போன்ற பின்சக்கரம் தள்ளுகிற வண்டியானால், புரொப்பல்லர் ஷாஃப்ட்டும் அதன் கிராஸ் ஜாயின்ட்டும். பிரேக் மிதிக்கும்போது மட்டும் என்றால் டிஸ்க்கின் கனம் சுற்றிலும் சீராக இல்லை. ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது ஆடி, காலை எடுத்ததும் நின்றால், முன்சக்கர இழுவைக் காரில் ஆக்ஸிலின் உள்பக்க ஜாயின்ட் தேய்ந்திருக்க வேண்டும். ஆட்டத்தோடு ‘ஊ’ என்ற இரைச்சல் சேர்ந்து, ஸ்டீயரிங்கை லேசாக ஒரு பக்கம் ஒடித்தால் கூடி, மறுபக்கம் ஒடித்தால் குறைந்தால் அது பேரிங். ஆளில்லாத நேர்ச்சாலையில், சாவியைத் தொடாமல், கியரை மட்டும் நியூட்ரலுக்குத் தள்ளிப் பார்த்தும் ஆட்டம் நிற்கவில்லை என்றால் எஞ்சினைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். கடைசியாக, முன்சக்கரங்களைப் பின்னாலும் பின்சக்கரங்களை முன்னாலும் மாற்றிப்போட்டு ஓட்டினால், கையில் இருந்த அதிர்வு சீட்டுக்குப் போகிறதா என்று தெரியும். போனால் குற்றவாளி சக்கரம். போகாமல் கையிலேயே நின்றால் ஹப், டிஸ்க், ஜாயின்ட் பக்கம் பார்க்க வேண்டும். இந்தச் சோதனைக்கு ஒரு பொருளும் வாங்க வேண்டியதில்லை. அலைன்மென்ட் பற்றி இங்கே அதிகம் பேசத் தேவையில்லை. அது கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். உதறலுக்கு அது நேர்க்காரணம் ஆவது அபூர்வம். ஆனால் பட்டறைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

இந்தக் கடற்கரைப் பகுதிக்கென்று சில காரணங்கள் உண்டு. எந்தக் கம்பெனிப் புத்தகத்திலும் அவற்றைத் தேடிப் பயனில்லை. சாயர்புரத்தைச் சுற்றியிருப்பது செம்மண் தேரி நிலம். அந்தச் செம்மண் மழையில் குழைந்து ரிம்மின் உட்புறம் அப்பிக் காய்ந்தால், வெளியே கழுவித் துடைத்த காரிலும் சக்கரத்துக்கு ஐம்பது கிராம் ஒருபக்க எடை கூடிவிடும். உப்பளச் சேறும் இதையே செய்யும். கடற்காற்று செய்வது வேறு: ஹப்பின் முகத்தில் துரு பொருக்குத் தட்டும். ரிம் அதன்மேல் உட்காரும்போது ஒரு தலைமுடிக் கனம் சாய்ந்து உட்காரும். பேலன்சிங் மெஷினில் பூஜ்யம் காட்டிய சக்கரம், காரில் மாட்டியதும் ஆடுவதற்கு இது முக்கியமான காரணம். கம்பி பிரஷ்ஷால் ஐந்து நிமிடம் தேய்த்தால் தீர்ந்துவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் வெள்ளக்காடு. தண்ணீரில் நின்ற காரைச் சுத்தம் செய்து ஓட்டிவிடலாம். பேரிங்குக்குள் தண்ணீர் புகுந்து கிரீஸ் கெட்டிருந்தால், அது இரைச்சலாக வெளிவர மாதங்கள் ஆகும். அப்படி ஒரு காரைக் கைமாற்றி வாங்கியவருக்கு வெள்ளம் பற்றியே தெரியாது. அதனால், வண்டி அந்த டிசம்பரில் எங்கே நின்றது என்பதும் இந்தப் பக்கத்து மெக்கானிக்குகள் கேட்க வேண்டிய கேள்விகளில் சேர்ந்துவிட்டது. போதாக்குறைக்குச் சாலை. துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிப்போகும் லாரிகள் ஓடி ஓடி ஏற்படுத்திய பள்ளங்களும், வல்லநாட்டில் தாமிரபரணிப் பாலத்தின் தளம் திரும்பத் திரும்பப் பெயர்ந்ததும் எத்தனை ரிம்களை வளைத்திருக்கும்!

இதற்கெல்லாம் இப்போது கம்ப்யூட்டர் மெஷின் வந்துவிட்டதே, மனிதன் எதற்கு யோசிக்க வேண்டும் என்று கேட்கலாம். பேலன்சிங் மெஷின் அருமையான கருவி. அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அது அளப்பது ஒன்றே ஒன்று: எடை எந்தப் பக்கம் கூடியிருக்கிறது என்பது. டயர் வட்டமாக இருக்கிறதா, உள்ளே கம்பி அடுக்கு பிரிந்து ஓரிடம் மெத்தென்று ஆகிவிட்டதா என்று அது பார்ப்பதில்லை. சக்கரம் தரையில் அழுந்தி ஓடும்போதுதான் அந்த வித்தியாசம் தெரியும். மெஷினில் சக்கரம் அந்தரத்தில், அதுவும் பெரும்பாலும் நெடுஞ்சாலை வேகத்தைவிடப் பலமடங்கு மெதுவாகச் சுற்றுகிறது. டயரை ஓர் உருளையால் அழுத்திச் சுற்றிப் பார்க்கிற மெஷின்களும் உலகில் உண்டு. சிறுநகரக் கடைகளுக்கு அவற்றின் விலை எட்டாது. கம்பி பிரிந்த டயரிலும் வெயிட் அடித்துப் பூஜ்யம் கொண்டுவந்துவிட முடியும். திரை பச்சை காட்டும். அந்த டயர் ஒருநாள் நூறில் வெடிக்கும். பழுது உள்ளே இருக்கிறது என்பதற்கு அறிகுறி முன்பே கிடைக்கிறது: முப்பது நாற்பதிலேயே கார் தத்தித் தத்திப் போவதுபோல் இருக்கும், டயரின் தரை தொடும் பட்டன் மேல் கையை வைத்துத் தடவினால் ஓரிடம் புடைத்திருக்கும். கேட்டுத் தெரிந்து, தடவிப் பார்க்கிற ஆள்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும். மெஷினே தவறாகச் சொல்வதும் உண்டு. சக்கரத்தை நடுவில் நிறுத்துகிற கோன் தேய்ந்திருந்தாலோ, அளவு பொருந்தாத கோனைப் போட்டிருந்தாலோ, மெஷின் வேறொரு மையத்தை வைத்துக்கொண்டு கணக்குப் போடும். இதைப் பிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. பூஜ்யம் காட்டிய சக்கரத்தைக் கழற்றி, அரைச்சுற்றுத் திருப்பி, அதே மெஷினில் மறுபடி மாட்டிச் சுற்ற வேண்டும். மறுபடியும் பூஜ்யம் என்றால் வேலை சரி. பத்து இருபது கிராம் காட்டினால் மெஷினையோ மாட்டிய விதத்தையோதான் முதலில் சரிசெய்ய வேண்டும். வெயிட் ஒட்டுவதற்குக் காசு கொடுக்கிற ஒவ்வொருவரும் இந்த ஒரு சோதனையைக் கேட்டு வாங்கலாம். எஞ்சின் கோளாறைப் படிக்கிற ஸ்கேனரும் இங்கே துணை செய்யாது. சக்கரத்தின் ஒருபக்க எடையைச் சொல்கிற சென்சார் எதுவும் அதனோடு இணைந்திருப்பதில்லை.

இவ்வளவு தெரிந்த ஆட்கள் இருக்கும்போது ஏன் நாலு டயரும் லோயர் ஆர்மும் லிங்க் ராடும் மாற்றியும் ஆட்டம் தீராத கார்கள் ஓடுகின்றன? பணம் எங்கே ஓடுகிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும். சாமான் டப்பாவில் எம்.ஆர்.பி. அச்சிட்டிருக்கிறது, அதை யாரும் பேரம் பேசுவதில்லை. பேரம் முழுவதும் கூலியில்தான். கேள்வி கேட்டு, நெடுஞ்சாலை வரை ஓட்டிப் பார்த்து, சக்கரத்தை மாற்றிப்போட்டு, மறுபடி ஓட்டிப் பார்த்து, ‘ஒண்ணும் மாத்த வேண்டாம், மண்ணைச் சுரண்டிட்டேன்’ என்று சொல்கிற மெக்கானிக்குக் கிடைப்பது டீக்காசு. டீசலும் நேரமும் அவர் கணக்கு. அதே ஆள் இரண்டு லோயர் ஆர்ம் மாற்றினால் சாமான் கடையிலிருந்து அவருக்குக் கமிஷன் வந்துவிடும். கடைக்கு மொத்த வியாபாரி கொடுக்கிற தள்ளுபடியில் ஒரு துண்டுதான் அந்தக் கமிஷன். அதாவது, கார்காரர் தன் கூலி பேரத்தில் மிச்சம் பிடித்ததாக நினைக்கிற தொகையைத் தரகுச் சங்கிலி வேறு வழியாக அவரிடமே பல மடங்காக வாங்கிக்கொள்கிறது. இந்தச் சங்கிலியில் கையில் கிரீஸ் படாதவர்கள்தான் அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்பது எனக்குக் கோபம் தருகிற செய்தி. சும்மா இருக்கிற நல்ல பாகத்தைக் கழற்றச் சொல்லி ஒரு தொழிலாளியைத் தள்ளுவதும், சரியாகக் கண்டுபிடித்ததற்காக அவரைப் பட்டினி போடுவதும் எந்த வியாபார நியாயத்திலும் சேராது. வாயைத் திறந்து கேள்வி கேட்ட டாக்டருக்கு மருந்தே எழுதாவிட்டாலும் ஃபீஸ் கொடுக்கிற நாம், பட்டறையில் மட்டும் சாமான் கைக்கு வந்தால்தான் பணம் என்கிறோம்.

‘ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதும் ஒரு வழிதானே, நம் ஊரில் கூலி குறைவு’ என்பார்கள். கூலி குறைவு என்பது சரி. மாற்றுகிற சாமான் மலிவு இல்லையே. மேலும் மாற்றிப் பார்க்கிற வழியில், பாதியில் ஆட்டம் குறைந்தால் எதனால் குறைந்தது என்று தெரியாமலேயே போய்விடும். டயர் மாற்றக் கழற்றியபோது துரு உதிர்ந்ததுதான் காரணமாக இருக்கலாம். ‘சோதனைக்குத் தனியாகக் காசு என்றால் ஓட்டாமலேயே ஓட்டிப் பார்த்தேன் என்று ஏமாற்ற மாட்டார்களா’ என்பது இதைவிட நியாயமான கேள்வி. ஏமாற்ற இடம் இருக்கிறது. அதற்கு மருந்து, ஒரு துண்டுத் தாளில் நாலு வரி: எந்த வேகத்தில் தொடங்கியது, எங்கே தெரிந்தது, பிரேக்கில் கூடியதா, என்ன செய்தபின் எந்த வேகம் வரை ஓட்டிப் பார்த்தது. டிஸ்க்கைக் குறை சொன்னால் டயல் கேஜ் காட்டிய அளவும் அதில் இருக்க வேண்டும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக் காட்டுகிற அந்தச் சிறு கருவி, பேலன்சிங் மெஷின் விலையில் ஒரு சிறு துளிக்குக் கிடைக்கிறது. டிஸ்க் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தள்ளாடினாலே போதும். நாளடைவில் அதன் கனம் சீர்கெட்டு பிரேக் உதறும். கண்ணால் பார்த்து ‘பெண்டு’ என்று சொல்வதற்கு அங்கே இடமே இல்லை. கோரம்பள்ளம் அரசு ஐடிஐ-யிலும் மற்ற ஐடிஐகளிலும் மோட்டார் மெக்கானிக் படித்துவருகிற பிள்ளைகள் இந்தக் கருவியைப் பிடித்துப் பழகியவர்கள்தான். பட்டறைக்கு வந்தபின் அதற்குக் காசு கிடையாது என்று தெரிந்ததும் அது பெட்டிக்குள் போய்விடுகிறது.

மிச்சம் இருப்பது ஓட்டிப் பார்க்கிற சிக்கல். அடுத்தவர் காரை ஒரு பட்டறைப் பையன் தொண்ணூறில் ஓட்டி, எங்காவது மோதினால் யார் பொறுப்பு என்று முதலாளிகள் பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. அதனால்தான் பல பட்டறைகளில் சோதனை ஓட்டம் தெருமுனையோடு நின்றுவிடுகிறது. அங்கே தெரியாத பழுதை அங்கேயே தேடுகிறார்கள். காரின் சொந்தக்காரரே ஓட்ட வேண்டும், மெக்கானிக் ஒருமுறை பக்கத்துச் சீட்டிலும் ஒருமுறை பின்சீட்டிலும் உட்கார வேண்டும். சாயர்புரத்திலிருந்து புதுக்கோட்டை போய், தூத்துக்குடிப் பக்கம் கோரம்பள்ளம் வரை நான்குவழிச் சாலையில் ஓட்டித் திரும்பினால் எல்லாக் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். கிளம்புமுன் டயரில் காற்று சரிபார்த்து, நட்டுகளை எதிரெதிராக முறுக்கி, டயரில் புடைப்போ வெடிப்போ இல்லை என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். புடைப்பு இருந்தால் அந்த வேகத்துக்கே போகக் கூடாது, அந்த டயரை அங்கேயே கழற்ற வேண்டியதுதான். அந்த ஒரு மணி நேரத்துக்கு மெக்கானிக்கின் கூலியை, வண்டி எடுப்பதற்கு முன்பே, இருவரும் பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.